இடது முனையில் ஒரு தையல்

"சட்டையைக் கழட்டி அந்தக் கொக்கியில மாட்டிட்டு, நெஞ்சைத் தட்டோட ஒட்டி நில்லுங்க" என்று லாரி டிரைவரிடம் சொன்னேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை சொல்கிற வாக்கியம். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் பிசகாமல் சொல்வேன். அவர் பழுப்பு நிறச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு முதுகைக் காட்டி நின்றார். நான் அவர் தோள்களை முன்னால் வளைத்து, தாடையைத் தட்டின் விளிம்பில் தூக்கி வைத்து, ஈயத் தடுப்புக்குப் பின்னால் வந்தேன். கொக்கி என் வலது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பொத்தானை அழுத்தினேன். விடலாம் என்றேன். அடுத்து எக்ஸ்ரே படத்தைக் கழுவ எடுத்துப்போக வேண்டும். ஆனால் என் கை அவருடைய சட்டைக் காலரின் இடது முனையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இல்லை. நேராகப் போய், முனையில் திரும்பி, நேராக இறங்கும் தையல். எல்லாச் சட்டையிலும் இருப்பதுதான்.

நிமிர்ந்தபோது அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கெட்டுல என்ன தேடறே?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மதியம் மருத்துவமனை சூப்பரின்டெண்ட் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். பதினாறு வருடத்தில் உன்மேல் ஒரு சொல் வந்ததில்லையே, ஏன் இப்படி என்று கேட்டார். பணத்தைத் தேடவில்லை ஐயா, என் அம்மாவைத் தேடினேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார். இன்னொரு முறை இப்படிப் புகார் வந்தால் எக்ஸ்ரே அறைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மா போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஒரு சட்டையை அங்கே முப்பது பேர் தைப்பார்கள். ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பட்டி, ஒருத்திக்குப் பாக்கெட். அம்மாவுக்குக் காலர். இருபத்தாறு வருடம் காலர் மட்டும். முழுச் சட்டை ஒன்றைக்கூட அவள் தைத்ததில்லை. உங்களுக்குச் சட்டை தைக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டால், "கழுத்து வரைக்கும் தெரியும்" என்பாள். ஒரு நாளைக்கு நானூறு காலர். கட்டுக் கட்டாக வரும், கட்டுக் கட்டாகப் போகும். சட்டைகள் கப்பலேறி எங்கெங்கோ போயின, கழித்துப் போட்டவை மட்டும் உள்ளூர் ரோட்டோரக் குவியலுக்கு வந்தன. எந்த ஊரில், எந்த ஆளின் கழுத்தில் போய் உட்கார்ந்தன என்று அவளுக்கும் தெரியாது, கழுத்துக்காரனுக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் தையல் மெஷினே கிடையாது. என் பேன்ட் கிழிந்தால் தெருமுனைத் தையல்காரரிடம்தான் போகும். போய் நின்று அவரிடம் தையல் சரியில்லை என்று சண்டை போட்டுவிட்டு வருவாள். பட்டன் அறுந்தால் ஊக்கு. "பகல் பூரா மிதிச்ச கால், வீட்டுலயும் மிதிக்கணுமா?" என்பாள். அவள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து, அவள் கையால் தைத்தது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். தலையணை உறை, பை, கைக்குட்டை எல்லாம் கடையில் வாங்கியவை. அத்தனை லட்சம் காலர் தைத்தவள் வீட்டில், அவள் போட்ட ஒரு நூல்கூட இல்லை. அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன்.

அம்மாவின் காலரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. தொழிற்சாலைக்கு வெளியே அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சின்ன வயதில் எனக்குக் காலர் கடிக்கிற பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டிய வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருப்பேன். அப்பா என்று ஒருவர் இருந்தார். வெளியூரில் வேலை என்று போனவர், முதலில் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. அதனால் அம்மா வந்தால்தான் கதவு திறக்கும். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். ஒவ்வொரு விளக்குக்கும் காலரின் இடது முனை என் வாய்க்குள் இன்னும் கொஞ்சம் போகும். அம்மா வந்ததும் சாவியை எடுப்பதற்கு முன்னால் இரண்டு விரலால் என் காலரைப் பிடித்துப் பார்ப்பாள். எவ்வளவு ஈரமோ அவ்வளவு நேரம் நான் காத்திருந்திருக்கிறேன். "இன்னைக்கு அரை மணி லேட்டு" என்பாள். சரியாக இருக்கும். சில நாள் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறப்பாள். அன்றைக்கெல்லாம் ஓவர்டைம்.

ஒரு வருடம் முடிவதற்குள் சீருடையின் இடது முனை நைந்து பஞ்சாகிவிட்டது. ஒரு நாள் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டில் அவள் ஊசி பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். முனைக்குக் குறுக்கே, சாய்வாக, அரிசி நீளத்தில் ஒரு தையல். இழுத்து முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இது கடிபடாத தையல். இதையும் கடி, பார்ப்போம்" என்றாள். மறுநாள் கடித்துப் பார்த்தேன். முடிச்சு நாக்கில் உறுத்தியது. ஆனால் கடிப்பது நிற்கவில்லை. பழக்கம் எனக்கு மட்டும் இருந்தால்தானே. கொஞ்ச நாளில் தொழிற்சாலையில் அவள் தைத்த காலர் நாற்பதைச் சாக்பீஸ் கோடு போட்டுச் செக்கிங்கிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடது முனையில் தேவையில்லாமல் ஒரு குறுக்குத் தையல். "உன்னாலதான்டா" என்றாள் அன்று இரவு. "கை அங்க வந்ததும் உன் பல்லு ஞாபகம் வந்துடுது." பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரமும் வந்தது. பேசிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

எங்களுக்கு ஒரே அறைதான். அவள் தூங்கும்போது வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் தூங்காது. போர்வை விளிம்பில் நேராகப் போகும். நிற்கும். சின்னதாக ஒரு சாய்வு. பிறகு திரும்பும். மறுபடி நேராகப் போகும். அதைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிப்போவேன்.

அம்மா வேகமான பெண். நடையும் வேகம், பேச்சும் வேகம், சாப்பாடும் வேகம். பெயர் வைப்பதில் கெட்டிக்காரி. எங்கள் வீட்டுக் கூரை மின்விசிறிக்கு "மாமனார்" என்று பெயர். சத்தம் மட்டும்தான் வரும், காற்று வராது என்பதால். டி.வி.யில் செய்தி வாசிக்கிறவரின் காலர் கோணலாக இருந்தால் செய்தி அவள் காதில் விழாது. பஸ்ஸில் முன் சீட்டு ஆளின் காலர் மடிந்திருந்தால் கையை நீட்டிச் சரிசெய்துவிட்டு "ம்" என்பாள். அந்த ஆள் திடுக்கிட்டுத் திரும்பினால் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பாள். நான் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கிய அன்று எடுத்த புகைப்படத்திலும் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒரு கல்யாணம் நடந்தது, நிற்கவில்லை. இரண்டு வருடத்தில் மனைவி அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா அதைப் பற்றி யாரிடமும் ஒரு குறையும் சொல்லவில்லை. என்னிடம் ஒரே ஒரு முறை, "எல்லாத் துணியும் பிரிச்சுத் தைக்கத் தாங்காதுடா" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. நாங்கள் இருவர், மாமனார், ஒரே அறை.

இப்போது மாமனாரும் நானும். சத்தத்துக்குக் குறைவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து சாவியை எடுக்கும்போது ஒரு நொடி கை நின்றுவிடுகிறது. உள்ளே போனால், அன்று வந்த நோயாளிகளைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. முன்பெல்லாம் யாருக்கு எலும்பு முறிந்தது, யார் பயந்து கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைப்பாள். மறுநாள் அவர்கள் படம் வாங்க வரும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. இப்போது சில நாள் யோசித்துப் பார்க்கிறேன். இழுங்க, பிடிங்க, விடுங்க. இந்த மூன்று சொல்லைத் தவிர அன்று முழுதும் நான் வேறெதுவும் பேசியிருக்க மாட்டேன்.

அவளுடைய கடைசிப் படத்தையும் நான்தான் எடுத்தேன். ஆறு வருடம் முன்னால் வேலையை விட்ட பிறகும், பஞ்சுத் தூளில் வந்த இருமல் விடவில்லை. இந்தா அந்தா என்று தள்ளிப்போட்டு, ஒரு வழியாகக் கூட்டிவந்தேன். தட்டோடு ஒட்டி நிற்க வைத்தேன். தோளைப் பிடித்தபோது கையில் எலும்புதான் இருந்தது. "இது என்னடா எலும்பு?" என்று கழுத்துக்குக் கீழே தொட்டுக் கேட்டாள். காலர் எலும்பு என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப எனக்கும் உள்ள ஒண்ணு வச்சுத்தான் அனுப்பியிருக்கான்" என்றாள். சிரிப்பு இருமலாக மாறியது. மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், பிடிக்க முடியவில்லை. மூன்றாவது முறைதான் படம் ஆடாமல் வந்தது. கழுவி வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தேன். பதினாறு வருடமாக ஆயிரக்கணக்கான நெஞ்சைப் பார்த்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கருப்பாக இருக்க வேண்டிய வலது பக்கம், கீழே பாதி வரைக்கும் வெள்ளை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒண்ணும் இல்லம்மா, டாக்டர் சொல்லுவார் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள்.

"செக்கிங்ல இருக்கறவ மூஞ்சியைப் பார்த்தே தெரியும்டா, பீஸ் பாஸா ரிட்டர்னான்னு" என்றாள்.

பிறகு எழுந்து, என் வெள்ளைக் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டு, "ம்" என்றாள். அதற்கப்புறம் ஐந்து வாரம் இருந்தாள்.

லாரி டிரைவர் புகாருக்குப் பிறகு நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். கொக்கியைக் கழற்றி எதிர்ச் சுவரில், எக்கினால்தான் எட்டும் உயரத்தில் அடித்தேன். வேலை நேரத்தில் பொத்தானை அழுத்தாத கை கோட்டுப் பையில் இருந்தது. எட்டு நாள் இப்படிப் போயிற்று. எட்டு நாளில் முந்நூறு சட்டைகளாவது அந்தச் சுவரில் தொங்கிவிட்டுப் போயிருக்கும். அதில் ஒன்று அம்மாவுடையதாக இருந்திருந்தால் என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொள்வேன்.

ஒன்பதாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். குள்ளமான, சுத்தமான மனிதர். பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சீட்டை நீட்டும்போதே சொன்னார். சட்டையைக் கழற்றினார். கொக்கியைப் பார்த்தார். எக்கிப் பார்த்தார். "எட்டலையே தம்பி, கொஞ்சம் பிடிங்க" என்று சட்டையை என் கையில் கொடுத்துவிட்டார்.

வெளுத்த நீலச் சட்டை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவரை நிற்க வைத்தேன். தடுப்புக்குப் பின்னால் வந்தேன். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றேன். பொத்தானுக்கு விரல் போகும்போது சட்டை தோளிலிருந்து நழுவியது. பிடித்தேன். பிடித்த இடம் காலரின் இடது முனை.

நேராக வந்த தையல் முனைக்கு முன்னால் நின்றது. அரிசி நீளத்துக்கு ஒரு சாய்வு. பிறகு திரும்பியது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கட்டைவிரலால் அந்தச் சாய்வைத் தடவினேன். பல முறை துவைத்துத் துணி மெலிந்திருந்தது, தையல் மட்டும் புடைத்து நின்றது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு முடிச்சு நாக்கில் உறுத்தியது. திடீரென்று தடுப்புக்கு அந்தப் பக்கம் டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். பெரியவர் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். ஓடினேன். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"விடலாம்னு நீங்க சொல்லவே இல்லையே தம்பி" என்றார். "நாப்பது வருஷம் லிஃப்டுல நின்னவன். சொல்லாம கதவைத் திறந்து பழக்கமில்லை."

அப்போதுதான் அவர் என் கையைப் பார்த்தார். நான் இன்னும் சட்டையின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாக்கெட் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. போயிற்று, வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "அதுல பஸ் டிக்கெட்டு மட்டும்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

சூப்பரின்டெண்டிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொன்னேன். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இத்தனை சின்ன விஷயமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் சட்டையை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். ரோட்டோரத்தில் குவித்து விற்பார்களே, அங்கே மருமகள் வாங்கிவந்தது, இந்தக் கோணலை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். எனக்குத் தருவீங்களா என்று கேட்டேன். அப்படியானால் நான் எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் கோட்டைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். சட்டைக் கை அவருக்கு நீளம். மடித்துவிட்டுக்கொண்டார்.

"உங்க சட்டையில பட்டன் எல்லாம் இருக்கு. லாபம் எனக்குத்தான்" என்றார்.

மறுபடி படம் எடுத்தேன். இந்த முறை விடச் சொல்ல மறக்கவில்லை. படத்தில் நெஞ்சு கண்ணாடி மாதிரி இருந்தது. சொல்வது என் வேலை இல்லை, டாக்டர்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் வெளியே போய், ஒண்ணும் இல்லை ஐயா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகத் தலையாட்டினார்.

சாயங்காலம் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு காஜா அத்தை வீட்டுக்குப் போனேன். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் மெஷினில் அம்மாவுக்கு அடுத்த இருக்கையில் இருபது வருடம் உட்கார்ந்தவள். அம்மா வைத்த பெயர்தான் அது. கடைசியில் செக்கிங்குக்கு மாறி, போன வருடம் ஓய்வு பெற்றாள். தொழிற்சாலைக்குப் பின்தெருவில் வீடு. அம்மா போனபோது மூன்று நாள் என்னோடு இருந்து சாப்பாடு போட்டவள், அதற்குப் பிறகு நான் எட்டிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்ததும் அதைத்தான் கேட்பாள் என்று பயந்தேன். கேட்டாள். ஆள் பாதியாகிவிட்டேன் என்றாள், ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்றாள், போன் என்று ஒன்று வைத்திருக்கிறாயே அது எதற்கு என்றாள். எல்லாம் முடியட்டும் என்று நின்றேன். பிறகு காலரின் இடது முனையைத் தூக்கிக் காட்டினேன்.

அத்தை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். "குனிடா" என்று காலரைப் பிடித்து இழுத்தாள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. அந்தச் சாய்வைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அட, நம்ம சட்டை" என்றாள். அம்மாவின் சட்டை என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அம்மா தைத்ததுதானே அத்தை, அம்மாதானே என்று இரண்டு முறை கேட்டேன்.

அவள் என் சட்டையின் அடிப்பக்கத்தைத் தூக்கி, பக்கவாட்டு உள்தையலில் வைத்திருந்த வெள்ளைத் துணித்துண்டைத் திருப்பினாள். துவைக்கும் முறை எழுதியிருக்கும் துண்டு. அதன் கீழ் ஓரத்தில், எறும்பு அளவில் சில எண்கள். முதல் இரண்டும் வருடம் என்று செக்கிங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். கண்ணைச் சுருக்கிப் படித்தாள். துண்டைப் பழையபடி உள்ளே தள்ளி, சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"இது மூணு வருஷத்துக்கு முந்தினது. உங்கம்மா நின்னு ஆறு வருஷம் ஆச்சேப்பா."

அப்படியானால் இதை யார் தைத்தார்கள் என்று கேட்டேன்.

"யார் வேணா தைச்சிருக்கலாம். இப்ப எல்லாரும் அப்படித்தான் தைக்கிறாளுங்க."

அத்தை உட்கார்ந்து விவரமாகச் சொன்னாள். காலர் பிரிவுக்குப் புதிதாக வருகிற பெண்களை முதல் வாரம் அம்மாவின் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். யாரும் சொல்லித் தர மாட்டார்கள், பார்த்துத் தைக்க வேண்டியதுதான். பார்த்ததை அப்படியே தைத்தார்கள், அந்தச் சாய்வையும் சேர்த்து. அம்மா வேலையை விட்ட பிறகு பழைய செக்கிங் ஆட்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். புதிதாக வந்த மேற்பார்வையாளர், எல்லாக் காலரிலும் இருக்கிறதே, இதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்து, மாதிரிச் சட்டையிலேயே அதை வைத்துவிட்டார். அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உங்கம்மா காலத்துல அந்தத் தையல் இருந்தா திருப்பி அனுப்புவாங்க. இப்ப அது இல்லைன்னா திருப்பி அனுப்புறாங்க. நானே எத்தனை பீஸுக்குக் கோடு போட்டிருக்கேன் தெரியுமா?"

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அம்மா இருந்திருந்தால் இதை ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும் என்றே தோன்றியது. பிறகு இல்லை என்று நினைவு வந்தது. நாலு மாதத்தில் அது நூறாவது முறையாக இருக்கும், இருந்தாலும் புதிதாகத்தான் வந்தது. இனி எந்தச் சட்டையைப் பார்த்தாலும், அது அவள் கையா, அவள் கையைப் பார்த்த கையா, அந்தக் கையைப் பார்த்த இன்னொரு கையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. கொக்கியை எங்கே மாட்டினாலும் ஒன்றுதான்.

அத்தை உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"ஆனா உங்கம்மா எதுக்கு அப்படித் தைக்க ஆரம்பிச்சாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லைப்பா. எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். சிரிப்பாங்க. பொண்ணுங்க, துணி பலமா இருக்கும்னு சொல்லிக்கிறாளுங்க. உனக்காவது தெரியுமா?"

டம்ளரைக் கீழே வைத்தேன். இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூட அம்மா சொல்லவில்லை. ஒரு பையன் பூட்டிய வீட்டு வாசலில் காத்திருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"பலமா இருக்கும்னுதான் இருக்கும் அத்தை" என்றேன்.

அத்தை டம்ளரை எடுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வர வேண்டும், வராவிட்டால் நானே அங்கே வந்து நிற்பேன் என்றாள். சரி என்றேன்.

வெளியே வந்தபோது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. பெரிய கதவு திறந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் தலைமுடியிலும் தோளிலும் பஞ்சுத் தூள். அம்மா வீட்டுக்குள் நுழையும்போது இருக்கிற அதே தூள். ஒருத்தி இன்னொருத்தியை ஏதோ சொல்லிக் கிண்டல் செய்ய, மூன்றாமவள் பையால் அவள் முதுகில் அடித்தாள். நான் அந்தக் கூட்டத்துக்குள் கலந்து நடந்தேன். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. எனக்கும் யாரையும் தெரியவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். மடியில் சாப்பாட்டுப் பை. அம்மா வேலையை விட்டபோது இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். தலை முன்னால் தொங்கி, பஸ் குலுங்கும்போதெல்லாம் ஆடியது. வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. காலரின் இடது முனை ஈரமாகக் கழுத்தில் பட்டபோதுதான், நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

என் நிறுத்தம் வந்தது. எழுந்திருக்கப் போனவன் அப்படியே உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் வலது கை பையின் மேல் இருந்தது. ஆள்காட்டி விரல் பையின் விளிம்பில் நேராகப் போனது. மூலையில் நின்றது. சின்னதாக ஒரு சாய்வு. பிறகு திரும்பியது. கண்டக்டர் யாராவது இறங்கணுமா என்று இரண்டு முறை கேட்டார். விரல் மறுபடி நேராகப் போய்க்கொண்டிருந்தது.